விரல்களை இழந்தவர் வேலையையும் ஏன் இழந்தார்? நட்டஈடு பற்றிச் சில விளக்கங்கள்

சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு வந்த தம்பதியினரில் கணவருக்கு வயது நாற்பத்தாறு. இலங்கை மலையகத்து நகரமொன்றின் சபையில் பதினொரு ஆண்டுகள் அமய (நிரந்தர நியமனமற்ற) தொழிலாளியாகக் குப்பை அள்ளியவர். குப்பையை நசுக்கும் லொறியின் பின்புறத்தில் வலது கை அகப்பட்டு மூன்று விரல்களை இழந்திருந்தார். விபத்து நடந்து ஏழு மாதங்கள் கழிந்த பின்னரே என்னிடம் வந்தார்கள். அதற்குள் அவர் மூன்று தாள்களில் கையெழுத்திட்டிருந்தார். ஒன்று, சபையின் குழு தீர்மானித்த 50,000 ரூபா உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு. அதன் அடியில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சிங்களத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதியை (EPF) பெறுவதற்கான விண்ணப்பம். மூன்றாவது, அந்த விண்ணப்பத்துக்குத் தேவை என்று சொல்லி வாங்கப்பட்ட இராஜினாமாக் கடிதம். "கமிட்டியில பேசி முடிச்சிட்டாங்க மேடம், எல்லா காசும் ஒண்ணா வரும்னு சொன்னாங்க" என்றார் மனைவி.

இருபது ஆண்டுகளாகத் தொழில் வழக்குகளைப் பார்த்துவரும் எனக்கு இந்த வாசகம் புதிதல்ல. இந்த ஆண்டில் மட்டும் இதே கதையுடன் வந்த நான்காவது குடும்பம் இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனதால், அனைவரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழுவைப் பற்றி. மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, அதன் உறுப்பினர்கள் கூடும் குழுவொன்று தொழிலாளியின் நிலையைக் கண்டு இரங்கி ஓர் உதவித்தொகையைப் பரிந்துரைக்கலாம்; அது நல்ல காரியம், அதைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஓய்வூதியமும் சேமலாப நிதியும் விபத்து நட்டஈடும் குழுவின் தீர்மானத்தால் பிறப்பவை அல்ல. அவை ஒவ்வொன்றும் தனிச் சட்டத்திலிருந்தோ விதிக்கோவையிலிருந்தோ வருகின்றன. அவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரிகளும் வேறு. அடுத்த கூட்டத்தில் உங்கள் விடயம் எடுக்கப்படும் என்று யாராவது சொன்னால், அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்து மற்ற விண்ணப்பங்களைப் பிற்போட வேண்டிய எந்த அவசியமும் இல்லை. உறுப்பினரைக் கண்டு பேசுவதும் தொழிற்சங்கத் தலைவரைக் கண்டு பேசுவதும் உங்கள் விருப்பம். அந்தப் பேச்சு விண்ணப்பத்துக்கு ஈடாகாது.

என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணத்துக்கு இப்போது வருகிறேன். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்துவிட்டால் விபத்துக்கான கணக்கும் அத்துடன் தீர்ந்தது என்று நம் மக்கள் நம்புகிறார்கள். தொழிலாளி நம்புகிறார், அவருடைய மேற்பார்வையாளர் நம்புகிறார், சில வேளைகளில் காரியாலய எழுதுவினைஞரும் அப்படியே நம்பிக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். இது முற்றிலும் பிழை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி உங்கள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 8 சதவீதம் கழிக்கப்படுகிறது, தொழில்கொள்வோர் அதனுடன் 12 சதவீதம் சேர்க்கிறார். அது மத்திய வங்கியில் உங்கள் பெயரில் வட்டியுடன் வளர்ந்திருக்கும் உங்கள் சேமிப்பு. விபத்தே நடக்காதிருந்தாலும் ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் அது கைக்கு வந்திருக்கும். அப்படியிருக்க, உங்கள் பணத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டு, இழந்த விரல்களுக்கு விலை கொடுத்தாயிற்று என்று எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் சீட்டுப் பணத்தை உங்களுக்குத் தந்துவிட்டு, உங்கள் வேலியை உடைத்த மாட்டுக்கான கணக்கும் தீர்ந்தது என்று அயல்வீட்டார் சொன்னால் ஏற்பீர்களா? 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழில்கொள்வோர் தம் பங்காகச் செலுத்தும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் (ETF) இப்படித்தான்: அதுவும் உங்கள் கணக்கிலுள்ள பணம். நிரந்தரமாக இயலாமையடைந்த அங்கத்தவருக்கு அந்த நிதியின் சபை வழங்கும் தனியான நன்மையொன்றும் உண்டு. அதைக் கேட்டு விண்ணப்பிப்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நட்டஈடு என்பது வேறு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த காயத்துக்குத் தொழில்கொள்வோர் கொடுக்க வேண்டிய தொகை அது. அதற்கென்று தனி ஆணையாளர் இருக்கிறார், தனி விண்ணப்பம் இருக்கிறது, எந்த உறுப்பை எந்த அளவு இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்வது என்பதற்கு அட்டவணையும் இருக்கிறது. காயம் ஆறும் வரை வேலைக்குப் போக முடியாத காலத்துக்குப் பாதி மாதத்துக்கொரு முறை கொடுப்பனவு பெறும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உயர்ந்தபட்ச நட்டஈட்டை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதுடன், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் உள்ளடக்கியது. தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தனிப்பட்ட முறையில் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே, இனிக் கோரிக்கை இல்லை என்ற அந்தச் சிங்கள வரியைக் கண்டு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

பணிக்கொடையையும் இதனுடன் குழப்புகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் தொழில்கொள்வோரிடம் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்தவருக்கு, நாட்சம்பளம் பெறுபவராயின் ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். இருபது ஆண்டுகள் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணின் நாட்சம்பளம் 1,350 ரூபா எனக் கொண்டால் அது 378,000 ரூபா. வேலை முடிந்து முப்பது நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். இது சேவைக்கான பணம், காயத்துக்கானது அல்ல.

ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்பதை நியமனக் கடிதம் சொல்லும். நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது என்று அதில் எழுதப்பட்டிருந்தால் நீங்கள் ஓய்வூதியக்காரர். அப்போது உங்கள் கோவை ஓய்வூதியத் திணைக்களத்துக்குப் போகும், இயலாமைக்காக ஓய்வு பெறுவதாயின் அரச வைத்தியர்களைக் கொண்ட மருத்துவச் சபை முன் தோன்ற வேண்டும். அமயத் தொழிலாளியாக இருப்பவர் சேமலாப நிதிக்காரர். பத்து, பதினைந்து ஆண்டுகள் அமயமாகவே வேலை செய்துவிட்டு, சபையில் இருந்ததால் ஓய்வூதியம் வரும் என்று நம்பியிருக்கும் பலரைக் கண்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். இல்லாவிட்டால் பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த இராஜினாமாக் கடிதம். ஐம்பத்தைந்து வயதுக்கு முன் இயலாமையின் பேரில் சேமலாப நிதியைப் பெறுவதானால், எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தரமான, முழுமையான இயலாமை என்று வைத்தியர் சான்றளிக்க வேண்டும். மூன்று விரல்களை இழந்தவருக்கு ஏற்பட்டிருப்பது நிரந்தரமான, ஆனால் பகுதியளவான இயலாமை. அவரால் காவல் வேலை செய்ய முடியும், சந்தையில் பற்றுச்சீட்டு எழுத முடியும், பூங்காவைப் பராமரிக்க முடியும். இலகுவான வேலையொன்றுக்கு மாற்றித் தருமாறு கேட்க வேண்டியவர், பணத்தை எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் தன் கையாலேயே வேலையை விட்டுவிட்டார். பணத்துக்கான விண்ணப்பமோ வயதின் காரணமாகத் தொழில் காரியாலயத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. விரலும் போய், வேலையும் போய், சேமிப்பும் கைக்கு வராமல் ஒரு மனிதர் என் முன் அமர்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் அவர் மேல் அல்ல. படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களில் ஒருவராவது, இதில் கையெழுத்திட்டால் வேலை போய்விடும் என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

வைத்தியசாலையில் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் தோற்ற வழக்குகளில் பல அங்கேதான் தோற்றுப்போனவை. காயப்பட்டவரை அழைத்துவரும் மேற்பார்வையாளர், வேலைத்தளத்துக்கு வில்லங்கம் வேண்டாமென்று, வீட்டில் விழுந்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறார். வலியில் துடிப்பவர் மறுத்துப் பேசுவதில்லை. வார்ட்டில் அனுமதிக்கும் வைத்தியர் அதையே எழுதுகிறார், வீடு திரும்பும்போது வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் கார்ட்டிலும் அதுவே வருகிறது. ஓராண்டு கழித்து விசாரணையில், வேலையில் நேர்ந்த காயம் என்று நாம் சொல்லும்போது எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும் முதல் தாள் அந்தக் கார்ட்தான். தயவுசெய்து, உங்கள் கணவரோ மனைவியோ மகனோ காயப்பட்டு வார்ட்டில் கிடந்தால், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலையின் போது நடந்தது என்பதை நீங்களே வைத்தியரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். பொய்யாக எழுதப்பட்டிருந்தால் வார்ட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே திருத்தக் கேளுங்கள். குடிபோதையில் இருந்தார் என்பது எதிர்த்தரப்பு வழமையாகச் சொல்லும் மற்றொரு காரணம். அந்த நிலையில் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு மறுக்கப்படலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவைக்கிறேன்.

எது வேலையில் நேர்ந்த விபத்து என்று தோட்டப்பகுதி மக்களும் என்னிடம் கேட்கிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டினால் அது இயற்கையின் செயல், தோட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று தோட்டத்தலைவர் ஒருவரே வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். தேயிலைச் செடிகளுக்கிடையில் குளவிக்கூட்டைக் கலைக்க நேர்ந்தது அந்த வேலையைச் செய்ததால்தானே? கொழுந்து மூட்டையுடன் சறுக்கி விழுவதும் அப்படித்தான். உயிரிழப்பு நேர்ந்தால் நட்டஈட்டுத் தொகை ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு, தங்கியிருந்தோருக்கு அவராலேயே பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். மரணச்சடங்குச் செலவுக்கென்று துரை (தோட்ட முகாமையாளர்) கொடுத்த பணத்தை வாங்கிய மைத்துனர், விடயம் முடிந்தது என்று சொன்னால் விதவையும் பிள்ளைகளும் அதை ஏற்க வேண்டியதில்லை.

பெயர்க் குழப்பம் நம் பகுதிக்கே உரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, சேமலாப நிதிக் கணக்கில் லச்சிமி என்றிருக்கும். பிரசாவுரிமைப் பிரச்சினையால் பல பத்தாண்டுகள் ஆவணமே இல்லாதிருந்த சமூகத்தில் இது வியப்பல்ல. ஆனால் விபத்து நடந்த பின் இதைத் திருத்தப் புறப்பட்டால் மாதக்கணக்கில் அலைய நேரிடும். உடல் நலமாக இருக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து, தேவையான சத்தியக்கடதாசியை முடித்துவிடுங்கள். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பின் அதைப் பெற வேண்டியவரை, நியமித்திருக்கிறீர்களா, அந்தப் பெயர் இன்னும் பொருந்துமா என்பதையும் அப்போதே பாருங்கள். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே மறந்தவர்கள் ஏராளம்.

விபத்து நடந்தால் அன்றே அல்லது மறுநாளே எழுத்தில் அறிவியுங்கள், வாய்மொழி போதாது. கடிதத்தின் பிரதியில் திகதியுடன் முத்திரை வாங்குங்கள், முத்திரையிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பார்த்த இருவரின் பெயர்களைக் குறித்து வையுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, சம்பளத்துண்டு எதையும் எறியாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையெழுத்திடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேட்பது உங்கள் உரிமை, அதற்காகத் தயங்காதீர்கள். இராஜினாமாக் கடிதம் கேட்டால் ஒரு நாள் அவகாசம் கேட்டு, தொழில் உத்தியோகத்தரிடமோ சட்டத்தரணியிடமோ காட்டிவிட்டு வாருங்கள். மாவட்டத் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் நிரப்பித் தருவதாகச் சொல்லி பஸ் நிலையத்தடியில் ஆயிரக்கணக்கில் வாங்குபவர்களிடம் போகாதீர்கள்.

அந்தத் தம்பதியின் கோப்பில் இப்போது நட்டஈட்டு விண்ணப்பம் ஆணையாளரிடம் போயிருக்கிறது. இராஜினாமா எந்தச் சூழ்நிலையில் வாங்கப்பட்டது என்பதை விளக்கி, மீண்டும் இலகுவான வேலையொன்றில் சேர்க்குமாறு சபைக்கும் எழுதியிருக்கிறோம். நல்ல வேளையாக அவருடைய டயக்னோசிஸ் கார்ட்டில் குப்பை லொறி என்றே எழுதப்பட்டிருக்கிறது. வார்ட்டில் இருந்த இளம் வைத்தியரிடம் அதைச் சொல்லி எழுதச் செய்தது, சாதாரண தரம் படிக்கும் அவர்களுடைய மகள்.