குவிய அடுக்கு: அடுப்பும் வைக்கோற்போரும்

மேசைமேல் ஒரு குன்றிமணியைச் சற்றுச் சாய்த்து வைத்து, மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை அதன் கறுப்புக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். கண் பளிச்சென்று விழுந்தது. பின்னால் இருந்த சிவப்பு உடம்பு குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்ததுபோல் கலங்கிக் கிடந்தது. ஃபோகஸைச் சிவப்புக்கு நகர்த்தினால் கண் வெறும் கரிப்புகை.

கேமராமேல் குற்றமில்லை. முழுச்சட்டக கேமராவில் (அதன் சென்சார் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகத்தின் அளவு), பொருள் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, எஃப் 8 துளையில் (இந்த எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்) தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்தான். குன்றிமணியின் கண்முனையிலிருந்து பின்விளிம்பு வரை எனக்கு வேண்டியதோ 5 மில்லிமீட்டர். துளையைச் சுருக்கலாமே என்பீர்கள். எஃப் 16 வைத்தால் ஆழம் 2 மில்லிமீட்டராகும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் அது எஃப் 32 போல நடந்துகொள்ளும். சிறு துளையின் விளிம்பில் ஒளி சிதறிப் பரவுவதால், தெளிவாக இருக்கவேண்டிய பகுதியும் சேர்ந்து மங்கும்.

ஆகவே ஆழத்தைத் துண்டு துண்டாக எடுக்கிறோம். கேமராவை முக்காலியில் இறுக்கிவிட்டு, கண்முனையில் தொடங்கி ஃபோகஸை 0.6 மில்லிமீட்டர் படியாகப் பின்னோக்கி நகர்த்தி 9 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய பட்டை மட்டும் கூர்மையாக இருக்கும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடுவே மங்கல் கோடு விழும். பிறகு கணினி ஒவ்வொரு படத்திலிருந்தும் கூர்மையான பகுதியைப் பொறுக்கி ஒரே படமாக இணைக்கிறது. இதற்குத்தான் ஃபோகஸ் ஸ்டேக்கிங் என்று பெயர். நான் முதல் தடவை செய்தபோது மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டேன். மணி மயிரிழை நகர்ந்திருக்கிறது. இணைத்து வந்த படத்தில் அதற்கு இரண்டு விளிம்புகள்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ஃபோகஸ் என்றால் அடுப்பு, வீட்டின் கணப்பு. யோஹான்னஸ் கெப்ளர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், நீள்வட்டம் முதலிய வளைவுகளுக்குள் இருக்கும் சிறப்புப் புள்ளிகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். சூரிய ஒளியைக் கண்ணாடியால் ஓரிடத்தில் திரட்டினால் அங்கே தீப்பற்றும். அந்த நினைப்பில்தான் வைத்தார் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பிரெஞ்சில் தீயைக் குறிக்கும் சொல்லும் இதே லத்தீன் சொல்லின் வழி வந்தது. தீயை மூடிவைத்துவிட்டு உறங்குங்கள் என்று இரவில் மணியடித்த பழைய ஐரோப்பிய வழக்கிலிருந்து பிறந்த கர்ஃப்யூவின் வாலிலும் அந்த அடுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டேக் வட ஐரோப்பியக் குடியானவனின் சொல். பழைய நார்ஸ் மொழியில் அது வைக்கோற்போர். லென்ஸோ லத்தீனில் மைசூர்ப் பருப்பு, வடிவ ஒற்றுமையால் வந்த பெயர். பருப்பு, அடுப்பு, வைக்கோற்போர்! இத்தனை நவீனமாக ஒலிக்கும் கலைச்சொற்களைத் தட்டினால் உள்ளே ஒரு சம்சாரி வீடு இருக்கிறது.

தமிழில் ஃபோகஸுக்குக் குவியம் என்பது பாடநூல் வழியாக நிலைத்துவிட்ட சொல். தமிழ்நாட்டுப் பாடநூல் குவியத் தொலைவு என்கிறது, இலங்கைப் பாடநூல் குவியத் தூரம் என்கிறது, வேரில் வேறுபாடில்லை. குவி என்ற வினைக்கு வயது அதிகம். மாலையில் தாமரை குவிகிறது, கும்பிடும்போது கை குவிகிறது, களத்தில் நெல் குவிகிறது. எல்லாம் ஓரிடம் நோக்கிக் கூடுவது. லத்தீன்காரர் அங்கே எரிந்ததைப் பார்த்தார், நாம் ஒளி கூடியதைப் பார்த்தோம். ஒளிப்படத்துக்கு நம்முடையதே பொருத்தம் என்பது என் கட்சி. கேமராவுக்குள் எதுவும் எரிவதில்லை.

சிக்கல் ஸ்டேக்கிங்கில்தான். அகராதியைப் புரட்டினால் முதலில் கிடைப்பது குவியல். இரண்டையும் சேர்த்தால் குவியக் குவியல்! இயந்திர மொழிபெயர்ப்பு ஒரு நாள் இதைத் தராமல் போகாது. ஓசை நாக்கைச் சுற்றுவது ஒரு புறம் இருக்கட்டும், பொருளும் தவறு. குவியலுக்கு வரிசை கிடையாது. தேங்காயைக் கொட்டினால் குவியல். இங்கே படங்கள் முன்னிருந்து பின்னாக ஒழுங்காக நிற்கவேண்டும். எந்தப் புள்ளி எத்தனையாவது படத்தில் கூர்மையாக இருந்தது என்று கணக்கெடுத்து ஆழத்தை வரையும் முறையில், வரிசை கலைந்தால் விளைவும் பாழ். பானைமேல் பானையாக, பெரியது கீழே சிறியது மேலே என்று வைப்பதற்கு நம்மிடம் உள்ள சொல் அடுக்கு. ஆகவே குவிய அடுக்கு; செயலாகச் சொல்லவேண்டுமானால் குவிய அடுக்கல்.

இடையில் ஒரு வேடிக்கை. சமைப்பதைக் குறிக்கும் அடு என்ற வினையிலிருந்து அடுப்பு. நெருங்குவதைக் குறிக்கும் இன்னொரு அடுவின் பக்கம் அடுக்கு. இரண்டும் வேறு வேறு வினைகள்தாம். ஆனாலும் லத்தீன் அடுப்பும் தமிழ் அடுக்கும் ஒரே கலைச்சொல்லில் சந்திப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுக்கு என்பது பாதி வேலையைத்தான் சொல்கிறது, பொறுக்கி இணைப்பதைச் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்கலாம். சரிதான். பூத்தொடுப்பதை நினைத்துக் குவியத் தொடுப்பு என்றுகூட எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, யாருக்கும் விளங்கவில்லை. ஆங்கிலச் சொல்லும் அதே பாதியோடுதான் பிழைத்திருக்கிறது.

கலந்துவிடக்கூடாத இரண்டு உண்டு. ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் படமெடுப்பது மட்டும் ஃபோகஸ் பிராக்கெட்டிங். 2017-இல் வந்த நிக்கான் டி850 கேமரா அதையே ஃபோகஸ் ஷிஃப்ட் என்றது. தமிழில் குவிய நகர்வு போதும். பல கேமராக்கள் இதோடு நின்றுவிடும், அடுக்குவது உங்கள் கணினியின் பாடு. வானியல் ஒளிப்படக்காரர்கள் ஸ்டேக்கிங் என்று சொல்வது வேறு: ஒரே ஃபோகஸில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சராசரியாக்கி இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான கரகரப்பைக் குறைப்பது. அங்கே குவியம் அசைவதே இல்லை, ஆகவே அதைப் பட அடுக்கு என்று பிரித்துச் சொல்வது நல்லது.

எண்ணிக்கைக்கு மேல்வரம்பு பொறுமைதான். லெவன் பிஸ் என்ற பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைத்த பூச்சிப் படங்களில், ஒரு பூச்சிக்கு ஏறத்தாழ 8,000 படங்கள் சேர்ந்திருக்கின்றன. செவ்வாயில் உலவும் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியின் கையில் உள்ள கேமரா 8 படங்கள் வரை அங்கேயே இணைத்துவிட்டு, முடிந்த படத்தைப் பூமிக்கு அனுப்புகிறது. என் குன்றிமணிக்கு 9 போதுமாயிருந்தது, மின்விசிறியை நிறுத்திய பிறகு.