யூ-டர்ன் கடன் வாங்கும் ஆறு விநாடி

கோவையில் சில ஆண்டுகளுக்கு முன் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் கொண்டுவந்தார்கள். லாலி ரோடு பக்கம் கார் ஓட்டுபவரைக் கேட்டால், "நிற்காம போறேங்க" என்பார். ரோட்டைக் கடக்க நிற்கும் பாட்டியின் பதில் வேறு. இரண்டும் உண்மைதான்.

நான்கு சாலைகள் கூடும் இடத்தில் ஒரு வண்டியின் பாதை இன்னொன்றோடு உரசக்கூடிய புள்ளிகள் 32. அவற்றில் 16 குறுக்கே வெட்டுபவை, ஆபத்தானவை இவைதான். வலதுபக்கம் திரும்புவதைத் தடுத்து, நேராகப் போய் யூ-டர்ன் அடித்துவரச் சொன்னால் அந்த 16-ல் பெரும்பாலானவை மறைந்துவிடும். வலது திருப்பத்துக்கென்று சிக்னலில் தனி நேரமும் ஒதுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இதை 1960-களிலேயே செய்தது. அங்கே வண்டிகள் வலப்புறம் ஓடுவதால், தடுத்தது இடது திருப்பத்தை. ஆனால் சிக்னலை அவர்கள் எடுக்கவில்லை, பச்சை, மஞ்சள், சிவப்பு ஒருமுறை வந்துபோகும் அதன் சுற்று நேரத்தைத்தான் சுருக்கினார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

யூ-டர்ன் அடிக்கிற காருக்கு எதிர்வரிசையில் ஆறு, ஏழு விநாடி இடைவெளி வேண்டும். எதிரே மணிக்கு 1200 வண்டிகள் ஒழுங்கில்லாமல் பரவி வந்தால், நிகழ்தகவுக் கணக்குப்படி ஆறு விநாடிக்கு மேற்பட்ட இடைவெளி நிமிடத்துக்கு இரண்டு மூன்று கிடைக்கும். வண்டிகள் 2400 ஆனால்? நிமிடத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. போக்குவரத்து இரட்டிப்பானால் வாய்ப்பு பாதியாவதில்லை, கால்வாசிக்கு அருகே விழுகிறது. திரும்பக் காத்திருக்கும் வரிசையோ வளர்ந்து, நேராகப் போகிற தடத்தையும் அடைக்கும். 60 மீட்டர் தனித்தடத்தில் பத்து கார்கூடச் சரியாக நிற்காது.

எதிர்வரிசை யூ-டர்னை எட்டுவதற்கு முன்னால் ஒரு சிக்னல் இருந்தால் கதையே வேறு. சிவப்பில் தேங்கிய வண்டிகள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ரோடு கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். யூ-டர்ன் அந்தக் காலி நேரத்தைத்தான் கடன் வாங்குகிறது. வழிநெடுக சிக்னலை எடுத்துவிட்டால் கடன் கொடுக்க ஆளில்லை.

அகலமும் ஒரு தொல்லை. மூன்று தடம் என்றால் பத்தரை மீட்டர். கார் ஒருவழியாக வளைந்துவிடும். 12 மீட்டர் பேருந்து முடியாமல் ரிவர்ஸ் எடுக்கும், பின்னால் ஹாரன் கச்சேரி. மிச்சிகனில் நடுத்திட்டே சுமார் 18 மீட்டர் அகலம். நம்முடையதில் ஓர் அரளிச்செடிக்குத்தான் இடம். சென்னை ஓ.எம்.ஆரில் இந்திரா நகர், டைடல் பார்க் பக்கம் யூ வடிவ மேம்பாலம் கட்டியதால் அங்கே எதிர்வரிசையிடம் இடைவெளி கேட்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் தெருவிலும் பாலம் கட்ட முடியாது. (அரை கிலோமீட்டர் சுற்ற மனமில்லாமல் ராங் சைடில் வரும் ஸ்கூட்டரை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.)

இனி பாட்டி. விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் பத்தரை மீட்டரைக் கடக்க ஒன்பது விநாடி ஆகும். மணிக்கு 2400 வண்டிகள் ஓடும் சாலையில் அந்த இடைவெளி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. பாட்டி அவ்வளவு வேகமாகவும் நடப்பதில்லை. எதிர்வரிசை யூ-டர்னை எட்டுவதற்குச் சற்று முன்னால், பட்டனை அழுத்தினால் சிவப்பு விழும் பாதசாரி சிக்னல் ஒன்றை வைத்தால், அவர் கடக்கும் அதே நேரத்தில் காரும் திரும்பிவிடலாம்.