மாட்: கோட்டைமேடு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ புல் மூடிய செங்குத்தான மேடும், சுற்றிலும் தூர்ந்துபோன பள்ளமும், ஒட்டினாற்போல் மண்கரை சூழ்ந்த திடலும் கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் காலத்து மரக்கோட்டையின் மிச்சம். மேட்டுக்கு மாட் என்று பெயர், திடலுக்கு பெய்லி. மேட்டின் உச்சியில் மரக்கோபுரம் நிற்கும். திடலில் கூடம், தொழுவம், பட்டறை எல்லாம் இருக்கும். மரம் மக்கிவிட்டது, மண் நிற்கிறது.

இரண்டுமே பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள். மாட் என்றால் மண்கட்டி, மேடு. பெய்லி என்றால் அடைப்பு. அகழியைக் குறிக்கும் 'மோட்' (moat) என்ற ஆங்கிலச் சொல்லும் மாட் பிறந்த அதே வேரில் பிறந்ததுதான். முதலில் மேட்டைக் குறித்து, பிறகு பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. பள்ளம் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் மேட்டை எழுப்பினார்கள் என்பதால் இதில் வியப்பில்லை. 1066-இல் ஹேஸ்டிங்ஸில் இந்த வேலை நடப்பதை, நார்மானியர் படையெடுப்பைத் துணியில் நூலால் சித்திரித்த பேயோ தையல் ஓவியத்தில் பார்க்கலாம். ஆட்கள் மண்வெட்டியோடு மேட்டைக் குவிக்கிறார்கள். நடுவில் இரண்டு பேர் மண்வெட்டியாலேயே அடித்துக்கொள்கிறார்கள்!

வேல்ஸில் மான்ட்கோமரி ஊருக்கு அருகே 1070-களில் எழுந்த கோட்டையின் பெயர் ஹென் டோமென். வெல்ஷ் மொழியில் 'பழைய மேடு'. 1960-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே அகழாய்வு நடந்தது. கம்பம் நட்ட குழிகளின் தடங்களை வைத்தே, திடல் முழுக்கக் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றதைக் கண்டுபிடித்தார்கள். வெறும் மண்ணிலிருந்து இவ்வளவு படிக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மண்மேடு' போதாது, எறும்புப் புற்றுக்கும் அது பொருந்தும். 'செய்குன்று' அழகான பழஞ்சொல், ஆனால் இலக்கியத்தில் அது சோலைகளில் பொழுதுபோக்க அமைத்த குன்று. எனக்குச் சரியாகப் படுவது கோட்டைமேடு. கோட்டை போனபின்னும் அது நின்ற இடத்துக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான். கோவையில் இன்றும் கோட்டைமேடு உண்டு. பெய்லிக்கு கோட்டை முற்றம் என்னலாம். மதில் என்ற சொல் இங்கே வேண்டாம், ஏனென்றால் சுற்றி இருந்தது மரவேலி. மேட்டைக் குறிக்கும் நம் 'மோடு' ஒலியில் நெருங்கி வந்தாலும், அதற்கும் 'மாட்' என்ற சொல்லுக்கும் உறவு கற்பிக்க ஆதாரமில்லை.