சாமி மாடக் கதவு ஏன் மூடவில்லை?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அம்மாவுக்கு ஒரு சாமி மாடம் செய்து கொடுத்தேன். தேக்குப் பலகை, இரட்டைக் கதவு, பித்தளைக் கீல். எங்கள் சிங்கப்பூர் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பட்டறை என்று தனியாக எதுவும் கிடையாது. என் படுக்கையறைதான் பட்டறை. ஏர்கானைப் போட்டுக்கொண்டு அங்கேயே அறுத்து, இழைத்து, இரண்டு கதவும் நடுவில் சேரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் சந்து விட்டு, ஹாலில் கொண்டுபோய் வைத்தேன். கதவு வெண்ணெய் மாதிரி திறந்து மூடியது.

பத்தாம் நாள் அம்மா சத்தம் போட்டார். "என்னடா இது, சாமிய உள்ள வச்சுப் பூட்டிட்டியா?"

கதவுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. நெம்பித் திறந்து, இழைப்புளியால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவிவிட்டேன். தீபாவளிக்கு முதல்நாள் மறுபடியும் அடைத்துக்கொண்டது.

எதிர்வீட்டு அங்கிள் செம்பவாங் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார், கதவைத் தட்டினார், என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, கதவு மேல தப்பு இல்ல. நீ அளவ ஏர்கான் ரூம்ல எடுத்திருக்க, சாமிய ஹால்ல வச்சிருக்க." இதற்குள் இருக்கும் அறிவியல் புரிய எனக்குச் சில வாரம் ஆனது.

மரத்தை வெட்டி, அறுத்து, காயவைத்து, பலகையாக்கிவிட்டால் அது முடிந்துபோன பொருள் என்று நினைக்கிறோம். ஆனால் பலகை சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டே இருக்கிறது. மரத்தின் செல் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. அந்த மூலக்கூறுகளில் வரிசையாக இருக்கும் ஹைட்ராக்சில் முனைகள் தண்ணீரைப் பிடித்து இழுப்பவை. காற்றில் ஈரம் கூடினால் நீராவி செல் சுவருக்குள் புகுந்து இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றை விலக்குகிறது. ஈரம் குறைந்தால் வெளியேறுகிறது, இழைகள் நெருங்குகின்றன. காற்றின் ஈரப்பதம் ஒரே அளவில் நின்றால் மரமும் அதற்கேற்ற ஓர் அளவில் வந்து நிற்கும். 50 சதவீத ஈரப்பதக் காற்றில் மரத்துக்குள் அதன் காய்ந்த எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் தண்ணீர் இருக்கும். 65-இல் 12, 80-இல் 16. மரவகைக்குத் தக்கபடி இது கொஞ்சம் முன்னே பின்னே போகும்.

பச்சை மரத்தில் இதைவிட எவ்வளவோ தண்ணீர் உண்டு. அது செல்லின் நடுக் குழியில் தேங்கிக் கிடப்பது, வெளியேறினாலும் மரத்தின் அளவு மாறாது. சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவருக்குள் இருக்கும் தண்ணீர் போகத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது.

எந்தப் பக்கம் சுருங்குகிறது என்பதுதான் தச்சு வேலையின் உயிர்நாடி. விளக்குமாற்றுக் குச்சிகளை இறுக்கிக் கட்டித் தண்ணீரில் போட்டால் கட்டு பெருக்கும், நீளாது. மரமும் அப்படித்தான். அதன் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுவதால், பச்சை நிலையிலிருந்து எலும்பாகக் காய்ந்தாலும் நீளம் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான் குறையும். அகலம் அப்படியில்லை. தேக்கில் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பலகையின் அகலம் இந்த இரண்டாவது திசையில்தான் அமைகிறது. இத்தனைக்கும் தேக்கு அடக்கமான மரம். அமெரிக்கச் சிவப்பு ஓக் 8.6 சதவீதம் சுருங்கும்.

இப்போது என் கதவைக் கணக்குப் பார்க்கலாம். 30 சதவீதத்திலிருந்து பூஜ்ஜியம் வரை வந்தால் 5.8 என்றால், ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் சுமார் 0.19 சதவீத அகலம். அங்கிளிடம் ஈரமானி இருந்தது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தி மின்தடையை வைத்து ஈரத்தைச் சொல்லும் கருவி. என் அறையில் மிச்சமிருந்த தேக்குத் துண்டில் 11 காட்டியது. ஹாலில் இருந்த கதவில் 15. வித்தியாசம் 4. ஒரு கதவின் அகலம் 250 மில்லிமீட்டர், ஆக ஒவ்வொன்றும் 1.9 மில்லிமீட்டர் பெருத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 3.8, ஆசாரி கணக்கில் ஒரு நூலுக்கும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேலே. நான் விட்ட சந்தும் சீவியதும் சேர்த்து 3. அப்புறம் எப்படி மூடும்?

மாடமும் அதே தேக்குதானே, அது மட்டும் ஏன் கூடவே அகலவில்லை என்று கேட்கலாம். மேல்பலகையும் அடிப்பலகையும் இடமிருந்து வலமாக நீளவாக்கில் ஓடுகின்றன. நீளம் மாறாது, அதனால் வாசல் அப்படியே நின்றது. கதவில் இழை மேலிருந்து கீழாக ஓடுகிறது. மாறாத வாசலுக்குள் மாறும் கதவைப் பொருத்தியிருக்கிறேன்.

முதல்முறை சீவியது போதாமல் போனதற்குக் காரணம் அவசரம். ஈரம் பலகையின் தடிமனுக்குள் ஊர்ந்து போக வாரக்கணக்காகும். பாதி பெருத்த கதவை முழுக்கப் பெருத்துவிட்டதாக நினைத்துச் சீவினேன், அது மிச்சத்தைப் பெருத்துக் காட்டியது.

வெளிநாட்டுத் தச்சுப் புத்தகங்களில் இது பருவகாலப் பிரச்சினையாக வரும்: கோடையில் பெருக்கும், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் சுருங்கும். அதைப் படித்துவிட்டு, சிங்கப்பூரில்தான் ஆண்டு முழுக்க ஒரே வானிலையாயிற்றே, நமக்குக் கவலையில்லை என்று இருந்தவன் நான். நம் ஊரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். தடித்த பலகை இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்வதில்லை, சராசரியைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் இங்கே பருவம் மாறுவது படுக்கையறை வாசலில். ஏர்கானின் குளிர்ந்த குழாய்மேல் பட்டு நீராவி தண்ணீராகி, வடிகுழாய் வழியே வெளியே சொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு என் தேக்கிலிருந்து போனது. ஹாலுக்கும் அறைக்கும் நடுவே பத்தடி தூரம். மரத்துக்கோ அது வேறு நாடு.

நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். பலகையின் முனையில் குறுக்காக 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு சீவல் அறுத்தேன். குறுக்கே வெட்டிய முகத்தில் செல் குழாய்கள் திறந்திருப்பதால் ஈரம் சட்டென்று போய் வரும். ஹாலில் டிஜிட்டல் கேலிப்பரில் அதன் அகலம் 140.0 மில்லிமீட்டர். ஓர் இரவு ஏர்கான் அறையில் வைத்து, காலையில் அளந்தால் 139.1. திரும்ப ஹாலில் வைத்தேன், மறுநாள் 139.8. மரம் மூச்சு விடுகிறது என்று சொல்வார்கள், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஆனால் கேலிப்பரோடு உட்கார்ந்திருந்தபோது வேறு சொல் கிடைக்கவில்லை.

நீங்களும் செய்து பார்ப்பதானால் முதலில் காற்றின் ஈரத்தைச் சொல்லும் ஈரப்பதமானியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலிவு விலையில் வாங்குபவை 5, 6 தப்பாகக் காட்டும். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் உள்ளே 75 சதவீதத்தில் நிற்கும். மானி 70 காட்டினால் அது 5 குறைவாகச் சொல்கிறது. மரத்தில் குத்தும் ஈரமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுங்கை காடுட் பக்கம் பலகை வாங்கி வந்ததும் வீட்டுத் தராசில் நிறுத்து, தேதியோடு பலகையிலேயே பென்சிலால் எழுதிவிடுவேன். 16 சதவீத ஈரத்தில் 4 கிலோ இருக்கும் பலகை 11-க்கு வந்தால் கிட்டத்தட்ட 170 கிராம் குறையும். எடை மாறுவது நின்ற பிறகுதான் உளியைத் தொட வேண்டும். அதுவரை நடுநடுவே ரீப்பர் கட்டை கொடுத்து அடுக்கி வையுங்கள், எந்த இடத்தில் வாழப்போகிறதோ அந்த இடத்திலேயே. நான் செய்தது போல வீட்டின் பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சிலிருந்து பாதுகாக்கும் அறை) இரும்புக் கதவைச் சாத்தி வைத்தால், பலகையின் ஈரம் பலகையோடுதான் கிடக்கும்.

ஊரில் மண்வெட்டிக் காம்பு ஆடினால் தாத்தா அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைப்பார். காம்பு இறுகிவிடும். கோடையில் வண்டிச் சக்கரத்தைக் குளத்தில் இறக்குவதும் இதற்குத்தான். ஆனால் மண்வெட்டி ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாக ஆடும். பெருக்க இடமில்லாமல் இரும்புக்குள் நெரிபட்ட இழைகள் நசுங்கிவிடுகின்றன, காயும்போது பழைய அளவைவிடச் சின்னதாகிவிடுகின்றன. மரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் ஒன்று நசுங்கும், இல்லையென்றால் வெடிக்கும். மேசைப் பலகைக்கு அடியில் குறுக்குக் கட்டையைப் பசை போட்டு ஒட்டினால் நடக்கும் வெடிப்பும் இதே கதைதான். பசை போடாமல், குறுக்குக் கட்டையில் துளையை நீளமாக்கி ஸ்குரூ போட்டால், பலகை தன் பாட்டுக்குப் போய் வரும்.

வார்னிஷ் அடித்தால் தப்பிக்கலாமா? வார்னிஷ் நீராவியைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மேலே மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டால் இன்னும் கெடுதல். ஒரு முகம் வேகமாகவும் மறு முகம் மெதுவாகவும் ஈரம் வாங்கி, பலகை ஓடு மாதிரி வளையும். பிளைவுட் இந்தச் சண்டையை உள்ளேயே தீர்த்துக்கொள்கிறது. அடுத்தடுத்த ஏடுகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால், ஓர் ஏட்டின் அகலத்தைப் பக்கத்து ஏட்டின் நீளம் பிடித்துக்கொள்கிறது. நம் வீடுகளில் சுவரோடு சேர்ந்த அலமாரிகளைப் பெரும்பாலும் பிளைவுட்டில் அடிப்பது விலைக்காக மட்டுமல்ல.

இடையில் ஒரு கிளைக்கதை. மரவேலை பேசும்போதெல்லாம் நண்பர்கள், இங்கே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா என்ற இடத்தின் பெயரே தேக்கு மரத்திலிருந்து வந்ததுதானே என்பார்கள். இல்லை, அது ஹொக்கியன் சொல், சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். மூங்கிலும் ஈரத்துக்குப் பெருக்கும் என்பது வேறு விஷயம்.

கதவை அங்கிள் சொன்னபடி புதிதாகச் செய்தேன். 40 மில்லிமீட்டர் அகலச் சட்டங்கள் நான்கை கழுந்தும் துளையுமாகப் பூட்டி, உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் காடிக்குள் செருகினேன். இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் சும்மா விட்டேன். பழைய வீட்டுக் கதவுகளில் சட்டமும் பலகையுமாகப் பார்த்திருப்போம், அலங்காரம் என்று நினைத்திருப்போம். பெருப்பதும் சுருங்குவதும் காடிக்குள்ளேயே நடந்து முடிகிறது. கதவின் வெளி அகலத்தில் மாறக்கூடியது இரு பக்கச் சட்டங்களின் 80 மில்லிமீட்டர் மட்டுமே, அதில் 4 சதவீத ஈரத்துக்கு 0.6 மில்லிமீட்டர்தான் வரும்.

மழையில்லாத பிப்ரவரியில் அம்மா மறுபடியும் கூப்பிட்டார். கதவு நன்றாகத்தான் மூடியது. ஆனால் நடுப்பலகையின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, கால் நூல் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு. பலகை சுருங்கி, காடிக்குள் ஒளிந்திருந்த பாலிஷ் படாத விளிம்பு வெளியே வந்திருந்தது. சட்டத்தில் செருகுவதற்கு முன்பே நடுப்பலகைக்கு பாலிஷ் அடித்திருக்க வேண்டும். அங்கிள் இதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ கேக்கலையே தம்பி" என்றார்.