கென்னடி கொலை: எத்தனை மறுவிசாரணை வந்தும் தீராத சந்தேகம் எங்கே தொடங்கியது?

நவம்பர் 22 நெருங்கினாலே கென்னடி கொலையைப் பற்றிய காணொளி ஒன்றை யாராவது எனக்கு அனுப்பிவிடுவார்கள். "டாக்டர், முன்னாலிருந்தும் ஒருத்தன் சுட்டான்தானே?" என்ற கேள்வியும் கூடவே வரும். பிரேதப் பரிசோதனை செய்வது என் வேலை என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். காயங்களைப் பற்றி இன்று கையில் இருக்கும் ஆதாரங்களைப் பார்த்தால், அவர் மீது பட்ட இரண்டு குண்டுகளும் பின்னாலிருந்துதான் வந்தன என்பது என் கருத்து. ஆனால் சந்தேகப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சந்தேகத்துக்கு விதை போட்டதே அன்று இரவு மருத்துவர்கள் செய்யத் தவறிய வேலைகள்தான்.

1963 நவம்பர் 22, பகல் 12.30. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் திறந்த காரில் போய்க்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். பார்க்லேண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கழுத்தின் முன்பக்கம் ஒரு சிறிய துளை இருந்தது. மூச்சு விட வழி செய்வதற்காக டாக்டர் மால்கம் பெர்ரி அந்தத் துளையின் வழியாகவே கத்தி வைத்து மூச்சுக்குழாயைத் திறந்தார். உயிரைக் காப்பாற்றப் போராடும் மருத்துவர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார். ஆனால் அந்தக் காயத்தின் அசல் வடிவம் அத்தோடு போய்விட்டது. பிற்பகல் 1 மணிக்கு மரணம் அறிவிக்கப்பட்டது. அப்புறம் நிருபர்கள் கேட்டபோது, அது குண்டு உள்ளே நுழைந்த காயம் போலத் தெரிந்தது என்று பெர்ரி சொன்னார். முன்னாலிருந்து சுட்டார்கள் என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

அதிபரைக் கொல்வது அப்போது மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றமாக இல்லை. அந்தச் சட்டம் 1965-ல்தான் வந்தது. ஆகவே டெக்சாஸ் சட்டப்படி பிரேதப் பரிசோதனை டல்லாஸிலேயே நடக்க வேண்டும். அங்கிருந்த அரசு மருத்துவப் பரிசோதகர் ஏர்ல் ரோஸ் தாழ்வாரத்தில் நின்று, உடலை விட மாட்டேன் என்று மறித்தார். பாதுகாப்புப் படையினர் அவரைத் தள்ளிக்கொண்டு சவப்பெட்டியோடு விமான நிலையம் போய்விட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். சட்டமும் அனுபவமும் கையில் இருந்த ஒரே ஆள் வெளியே நிற்க வைக்கப்பட்டார்.

வாஷிங்டன் அருகே இருக்கும் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் அன்று இரவு பரிசோதனையைத் தொடங்கிய ஹியூம்ஸ், பாஸ்வெல் இருவரும் நோய்க்குறியியல் மருத்துவர்கள். குண்டுக் காயங்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. அதில் அனுபவம் உள்ள ராணுவ மருத்துவர் ஃபிங்க் பாதியில்தான் வந்து சேர்ந்தார். அறை முழுக்க உயரதிகாரிகள். முதுகில் இருந்த துளையை விரலாலும் கம்பியாலும் துழாவிப் பார்த்தார்கள், பாதை பிடிபடவில்லை. கழுத்தைத் திறந்து குண்டு போன தடத்தைப் பின்தொடரவே இல்லை. அப்படிச் செய்ய வேண்டாம் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக ஃபிங்க் 1969-ல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கழுத்தின் முன்பக்கம் ஒரு குண்டுத் துளையும் இருந்தது என்பதே ஹியூம்ஸுக்கு மறுநாள் காலை பெர்ரியோடு தொலைபேசியில் பேசிய பிறகுதான் தெரிந்தது. அதற்குள் உடல் அங்கிருந்து போய்விட்டது.

அந்த அறிக்கையில் ஒரு வரியை மாணவர்களிடம் கட்டாயம் காட்டுவேன். முதுகுக் காயம், தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து 14 செ.மீ., வலது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைக்குக் கீழே 14 செ.மீ. என்று எழுதியிருக்கிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலோ தோளைத் தூக்கினாலோ இந்த அளவு மாறிவிடும். உச்சந்தலையிலிருந்து எவ்வளவு கீழே, முதுகின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எழுதியிருந்தால் பல வருட வாதம் மிச்சமாகியிருக்கும். தலைக் காயமும் அப்படித்தான். அன்று இரவு அறிக்கை சொன்ன இடத்துக்கும், 1968-ல் எக்ஸ்ரேக்களைப் பார்த்த நிபுணர் குழு சொன்ன இடத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம். ரத்தக் கறை படிந்த தன் குறிப்புகளை யாரும் காட்சிப் பொருளாக்கிவிடக் கூடாது என்று ஹியூம்ஸ் வீட்டிலேயே எரித்துவிட்டார். அவருடைய மனசு புரிகிறது, ஆனாலும் மன்னிக்க முடியாத காரியம். பாதுகாத்து வைத்த கென்னடியின் மூளை 1966-ல் கணக்கெடுத்தபோது காணவில்லை. அதே காரில் காயமடைந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியின் சட்டையும் கோட்டும், ஆய்வுக்குப் போவதற்கு முன்பே சலவைக்குப் போயிருந்தன.

இதற்கு மேல்தான் கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் கமிஷன், பிறகு 1968, 1975, 1979 என்று விசாரணைகள் அடுக்கடுக்காக வந்தன. 1979-ல் நாடாளுமன்றக் குழுவின் ஒன்பது தடயவியல் மருத்துவர்களில் எட்டுப் பேர் பின்னாலிருந்து வந்த இரண்டு குண்டுகள் என்றார்கள். சிரில் வெக்ட் மட்டும் மாறுபட்டார். அதே குழு, போலீஸ் வயர்லெஸ் ஒலிப்பதிவை வைத்து மொத்தம் நான்கு குண்டுகள் சுடப்பட்டன, அதில் ஒன்று முன்னாலிருந்து வந்திருக்கலாம், சதி இருக்கலாம் என்றது. 1982-ல் தேசிய அறிவியல் அகாதெமியின் குழு அந்தச் சத்தங்களே கொலை நடந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துப் பதிவானவை என்று காட்டியது. 2017-லிருந்து 2025 வரை ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளிவந்தும், அன்று பின்தொடரப்படாத காயத் தடத்தை யாராலும் இனிமேல் பின்தொடர முடியாது.

மறுவிசாரணையே வீண் என்று சொல்லவில்லை. கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் கல்லறையில் இருப்பது வேறொரு ஆள் என்று பேச்சு கிளம்பியபோது, 1981 அக்டோபரில் உடலைத் தோண்டி எடுத்தார்கள். அவர் அமெரிக்க மரைன் படையில் வீரராக இருந்தபோது எடுத்த பல் எக்ஸ்ரேக்கள் ஒழுங்காக இருந்தன. சின்ன வயதில் காதுக்குப் பின்னால் செய்த அறுவை சிகிச்சையின் அடையாளமும் எலும்பில் இருந்தது. ஆள் அவர்தான் என்று அன்றே முடிவாகி, உடலைத் திரும்பப் புதைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு இருந்தது, விடை கிடைத்தது.

இதை நான் எழுதக் காரணம், சாதாரணக் குடும்பங்களிலும் இதே தவறுகளைப் பார்க்கிறேன். கேஷுவாலிட்டியில் இருக்கும் இளம் மருத்துவர்களே, கத்திக்குத்தோ குண்டுக் காயமோ வந்தால் நெஞ்சில் குழாய் போட அந்தத் துளையைப் பயன்படுத்தாதீர்கள். வேறு வழியில்லை என்றால், என்ன வெட்டினோம், முன்பு எப்படி இருந்தது என்று கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதுங்கள். சட்டையை வெட்டும்போது துளையைத் தவிர்த்து வெட்டுங்கள். உறவினர்களே, மரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலை எரிப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். வீடியோ பதிவு கேளுங்கள், அறிக்கையின் நகல் கேளுங்கள். மறு பரிசோதனை வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம், ஆனால் உடல் இருக்க வேண்டும். இறந்தவரின் துணி உங்கள் கையில் வந்தால் துவைத்துவிடாதீர்கள். நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு போலீஸிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.