சத்தம் குறைந்த சூப்பர்சானிக்: மீட்டர் சொல்வதும் வீடு சொல்வதும்

சத்தம் அளப்பது என் தொழில். ஆலை, ஜெனரேட்டர், கல்யாண மண்டபம் என்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு வருஷமாக அலைகிறேன். இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பாடம் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில், அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சுத்தியலால் அடித்து வடிவமாக்கும் இடத்தில், கிடைத்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பகல் முழுவதும் தெருவில் நின்று அளந்தேன். சராசரி 53 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55. விதிப்படி எல்லாம் சரி. மீட்டரைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு வீட்டு அம்மா, "தம்பி, வெளியவே நின்னு அளந்தா எப்படி? உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பட்டறையின் இயந்திரச் சுத்தியலான பவர் ஹாமர் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கலகலத்தன. தூளியில் கிடந்த குழந்தை கண்ணைத் திறக்காமலேயே கைகளை விரித்து விரித்து உதறியது.

ஒலியை விட வேகமாகப் போகும் 'சூப்பர்சானிக்' பயணிகள் விமானம் திரும்ப வருகிறது, இந்த முறை சத்தம் தொந்தரவு செய்யாது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூளிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பலரும் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. விமானம் ஒலிவேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும்தான் 'டமார்' என்று கேட்கும் என்கிறார்கள். அப்படியில்லை. ஆற்றில் வேகமாகப் போகும் படகு, போகிற வழியெல்லாம் கரையில் அலை அடித்துக்கொண்டே போகிறதல்லவா? அதேபோல் விமானம் அந்த வேகத்தில் பறக்கும் நேரம் முழுவதும் அதிர்வலை தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். 50,000 அடி உயரத்தில் பறந்தால், பாதைக்குக் கீழே சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு அது விழும். பாதையில் உள்ள ஒவ்வொரு ஊரும் அந்தத் தாக்கை ஒரு தடவை வாங்கும்.

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய பழைய சூப்பர்சானிக் பயணிகள் விமானமான கான்கார்டு தரையில் ஏற்படுத்திய அழுத்த மாற்றம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டர் ஜன்னல் கண்ணாடியின் மேல் ஒன்பது கிலோ எடையைச் சட்டென்று வைத்து எடுப்பதற்குச் சமம் அது. அந்தச் 'சட்டென்று'தான் சிக்கல். பெரிய சத்தம் வந்தால் நடுக்காதின் தசை இறுகிக் காதைக் காக்கும். அதற்குச் சில பத்து மில்லிசெகண்டாவது வேண்டும். அதிர்வலையோ ஒருசில மில்லிசெகண்டில் உச்சத்துக்குப் போய்விடுகிறது. உடம்பு தயாராவதற்குள் சத்தம் வந்து முடிந்துவிடும்.

1964-இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா சிட்டி மக்கள் மேல் இதைச் சோதித்தார்கள். ஆறு மாதம், தினமும் எட்டு முறை வரை, மொத்தம் 1,253 அதிர்வலைகள். ஊரின் மிக உயரமான இரண்டு கட்டடங்களில் மட்டும் 147 ஜன்னல்கள் உடைந்தன. முடிவில், இதோடு வாழவே முடியாது என்றவர்கள் 27 சதவீதம். முக்கால்வாசிப் பேர் பொறுத்துக்கொண்டார்களே என்று இதை வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்க மாட்டேன். நாலு பேரில் ஒருவருக்குத் தன் வீட்டிலேயே நிம்மதி இல்லை என்பது எந்த ஊருக்கும் பெரிய கணக்கு.

1973-இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மேல் சூப்பர்சானிக் பயணிகள் விமானம் பறக்கத் தடை போட்டது. நம் பக்கமும் இதில் ஒரு கதை உண்டு. 1977-இல் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கான்கார்டு விட்டார்கள். சத்தத்தைக் காரணம் காட்டி மலேசியா மறுத்தது. மூன்று நடையோடு சேவை நின்று, 1979-இல் வேறு பாதையில் தொடர்ந்தது. இந்தியாவும் தன் வான்வெளியில் அந்த வேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 1980-இல் சேவையையே கைவிட்டார்கள். கடலுக்கு மேல் மட்டும்தான் வேகம் என்றானபின் லாபமான பாதைகள் மிகச் சில. 2003-இல் கான்கார்டு ஓய்வு பெற்றது.

இப்போது, சத்தத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக நாசா உருவாக்கிய எக்ஸ்-59 என்ற சோதனை விமானம். 2025 அக்டோபர் 28-இல் கலிபோர்னியாவில் முதன்முறையாகப் பறந்தது. நீளம் சுமார் 30 மீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூக்குதான். முன்னால் ஜன்னல் கிடையாது. விமானி கேமராவையும் திரையையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இன்ஜின் முதுகின் மேல் இருக்கிறது. எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான். மூக்கு, இறக்கை, வால் என்று ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் சிற்றலைகள் கீழே வருவதற்குள் ஒன்றுசேர்ந்து ஒரே அடியாக மாறக் கூடாது. கான்கார்டின் சத்தம் காது உணரும் கணக்கில் சுமார் 105 டெசிபல். இதற்கு இலக்கு 75. முப்பது குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகத்தான் தெரியும். தூரத்தில் கார் கதவைச் சாத்துவது போல இருக்கும் என்கிறார்கள். இது உண்மையான சாதனை. என் தொழிலில் முப்பது டெசிபல் குறைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும்.

சூப்பர்சானிக் பயணிகள் விமானம் செய்ய முனையும் பூம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழி வேறு. மேலே காற்று குளிர்ச்சி, கீழே வெதுவெதுப்பு. அதனால் இறங்கிவரும் அலை வளைந்து மேலேயே திரும்பிவிடும். ஆனால் ஒலிவேகத்தைக் கொஞ்சமாகத் தாண்டினால் மட்டுமே இது நடக்கும். அன்றைய காற்றும் வெப்பநிலையும் ஒத்துழைக்க வேண்டும். 2025 ஜனவரி 28-இல் இவர்களின் சோதனை விமானமான எக்ஸ்பி-1 மாக் 1.1-ஐ, அதாவது ஒலிவேகத்தின் 1.1 மடங்கை, தாண்டியது. தரைக்குச் சத்தம் எட்டவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் 6-இல் அதிபர் டிரம்ப், அந்த 1973 தடையை நீக்கி, சத்தத்தை அடிப்படையாக வைத்துப் புது விதி எழுத உத்தரவிட்டார்.

இனி எல்லாம் அந்த விதியில் எழுதப்போகும் எண்ணைப் பொறுத்தது. காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப வழக்கமாக நாங்கள் மீட்டரில் போடும் 'ஏ' வடிகட்டி, தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. டம்ளரைக் கலகலக்க வைப்பது அந்தத் தாழ்ந்த அதிர்வுதான். நாள் முழுவதற்கும் சராசரி போட்டால் ஒரு நொடி அதிர்ச்சி அதில் கரைந்தே போகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை, ராத்திரியிலும் உண்டா என்பதும் எண்ணில் சேர வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு மூக்கு நீளத்தால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு மேலேறும்போது இன்ஜின் போடும் இரைச்சல்தான் பிரச்சினை.

நாசா செய்வதில் எனக்குப் பிடித்தது, மக்களைக் கேட்பது. 2018-இல் டெக்சஸின் கால்வெஸ்டனில் போர் விமானத்தைத் தனி முறையில் பாயவிட்டு மெல்லிய 'டொம்' சத்தத்தை உண்டாக்கி, சுமார் 500 தன்னார்வலர்களிடம் கேட்டார்கள். எக்ஸ்-59-ஐயும் ஊர்கள் மேல் பறக்கவிட்டுக் கேட்கத் திட்டம் இருக்கிறது. அந்தப் பதில்களை வைத்துத்தான் வரம்பை எழுத வேண்டும்.

அந்தப் பட்டறையில் கடைசியில் ஹாமரின் அஸ்திவாரத்துக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தார்கள். திரும்பப் போய் அளந்தேன். சராசரி 52. ஒரே ஒரு டெசிபல்தான் வித்தியாசம். உள்ளே போய் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். டம்ளர்கள் அசையவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.