ஏடிஎஸ்-பி: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிற சிலர், முன்கண்ணாடியின் ஓரத்தில் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை வைத்திருப்பார்கள். கடையில் வாங்கியதல்ல, தாங்களே கோத்தது. உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, கணினியில் டிவி பார்ப்பதற்கென்று வந்த யூஎஸ்பி குச்சிகள் இரண்டு, ஒரு ஜிபிஎஸ், இரண்டு சின்ன ஆன்டெனா. பவர் பேங்கில் ஓடும். 2015-இல் வெளிவந்த ஸ்ட்ராடக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால், அக்கம்பக்கத்து விமானங்களும் முன்னால் இருக்கும் மழையும் வைஃபை வழியாக டேப்லெட் வரைபடத்தில் வந்து நிற்கும்.

இந்தப் பெட்டி காதில் வாங்குவது ஏடிஎஸ்-பி என்ற சமிக்ஞையை. விரித்தால் ஆட்டோமேட்டிக் டிபெண்டென்ட் சர்வேலன்ஸ் பிராட்காஸ்ட். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தானியங்கிச் சார்புக் கண்காணிப்பு ஒலிபரப்பு’ என்று வரும். சரி, இதில் ஒலி எங்கே இருக்கிறது?

கடைசிச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பிராட்காஸ்ட் என்பது வானொலிக்காகப் பிறந்த சொல் அல்ல. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது உழவர் சொல். விதையைக் கையால் அள்ளி வயலெங்கும் வீசித் தூவுவதைக் குறித்தது. எந்த விதை எங்கே விழும் என்று வீசுகிறவர் பார்ப்பதில்லை. 1920-களில் வானொலி நிலையங்கள் வந்தபோது அந்தக் கைவீச்சு அப்படியே அலைகளுக்குப் போனது. நாமோ வானொலிக்கு ‘ஒலிபரப்பு’, தொலைக்காட்சிக்கு ‘ஒளிபரப்பு’ என்று பிரித்து வைத்துக்கொண்டோம். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஏடிஎஸ்-பியில் கேட்க ஒலியும் இல்லை, பார்க்க ஒளியும் இல்லை, வெறும் தரவு. முன்னொட்டைக் கழற்றிவிட்டுப் ‘பரப்பு’ என்று மட்டும் வைத்தால் மூலச் சொல்லின் விதைப்புப் பொருளுக்கும் அருகில் வந்துவிடுகிறோம்.

சர்வேலன்ஸ் பிரெஞ்சிலிருந்து வந்தது. மேலிருந்து விழித்துப் பார்த்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர்தோறும் கண்காணிப்புக் குழுக்கள் இருந்தன. ஆங்கிலம் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். சந்தேகக் கண் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் கண்காணிப்பு என்று தயங்காமல் சொல்லலாம். தோட்டங்களில் வேலை வாங்கிய கங்காணியும் இதே கண்காணிதான்.

ஆட்டோமேட்டிக்கைத் ‘தானியங்கி’ என்றால் தப்பில்லை. ஆனால் இங்கே குறிப்பான பொருள் வேறு. வழக்கமான ரேடாரில் தரையிலிருந்து கேள்வி போகும், விமானத்தில் உள்ள ட்ரான்ஸ்பாண்டர் பதில் சொல்லும். ஏடிஎஸ்-பியில் கேள்வியே கிடையாது. விமானம் தானாகவே, ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை, ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த உயரம், இந்த வேகம்’ என்று அறிவித்துக்கொண்டே போகும். கேளாமலே சொல்வது.

நான்கில் கனமான சொல் டிபெண்டென்ட். அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். லத்தீனில் ‘ஒன்றைப் பற்றித் தொங்குதல்’ என்பது வேர். ரேடார் தன் கண்ணால் பார்க்கும். ஏடிஎஸ்-பியோ விமானம் தன் ஜிபிஎஸ்ஸை வைத்துச் சொல்வதையே நம்பியிருக்கும். சொல்லாதவன் தெரியமாட்டான். சார்பெழுத்து என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே சார்பு. இந்தச் சொல்லை மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால் பெட்டியின் குறையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

குறை இதுதான். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில் பறக்க ஏடிஎஸ்-பி பரப்பும் கருவி கட்டாயம். இந்தப் பரப்பு போகும் அலைவரிசைகள் இரண்டு. 1090 மெகாஹெர்ட்ஸ் உலகெங்கும் புழங்குவது. 18,000 அடிக்குக் கீழே பறப்பவர்கள் அங்கே 978 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தலாம். குச்சிகள் இரண்டு இருப்பது இதனால்தான். பரப்பும் கருவி இல்லாத விமானங்களையும் ரேடாரில் பார்த்துத் தரைநிலையங்கள் அறிவிக்கின்றன. ஆனால் தன்னிடம் கேட்கும் கருவியும் உண்டு என்று சொல்லிப் பரப்பிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு விமானத்தையும் நடுவில் வைத்து, சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடிக்கு மட்டுமே அந்தப் பட்டியல் தயாராகும். வெறும் கேட்கும் பெட்டியோடு பறப்பவருக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. அடுத்தவருக்கு வந்த கடிதத்தை எட்டிப் படிப்பது போலத்தான். அவர் விலகிப் போனால் கடிதமும் போயிற்று. திரை காலியாக இருப்பதால் வானமும் காலி என்று நினைத்துவிடக் கூடாது.

வானிலைத் தகவல் தரைநிலையங்களிலிருந்து 978-இல் மட்டும் வரும், சந்தா கிடையாது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திரையில் ‘2 நிமிடம் முன்பு’ என்று போட்டிருந்தாலும், பல ரேடார்களின் படங்களைக் கோத்துச் செய்த அந்தப் படத்தில் உள்ள மழை அதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் எச்சரித்தது. புயலைச் சுற்றிப் போவதற்கு உதவும்; இரண்டு புயல்களின் இடுக்கில் நுழைவதற்கு உதவாது.

அப்புறம், விமானிகள் ட்ராஃபிக் என்று சொல்வதைப் ‘போக்குவரத்து’ என்று பெயர்த்தால் சாலை நெரிசல்தான் நினைவுக்கு வரும். அவர்கள் சொல்வது அருகில் பறக்கும் மற்ற விமானத்தை, அது ஒன்றே ஒன்றானாலும். ‘அண்டை விமானம்’ போதும். ரிசீவருக்கு ‘அலைவாங்கி’ என்று முதலில் நினைத்தேன். அதை ஏற்கெனவே ஆன்டெனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘ஏற்பி’ சின்னது, குழப்பாது.

ஆக, முழுப் பெயராக எழுத வேண்டிய இடத்தில் ‘தானியங்கிச் சார்புக் கண்காணிப்புப் பரப்பு’. பேச்சில் இது யார் வாயிலும் நுழையாது. அங்கே ‘தன்னிலைப் பரப்பு’ என்பேன்: தன் நிலையைத் தானே பரப்புவது. பெட்டி ‘தன்னிலைப் பரப்பு ஏற்பி’.

இந்தச் சுருக்கத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பரப்பும் கருவியும் பெட்டியும் ஒரே விமானத்தில் இருந்தால், பெட்டி தன் விமானத்தின் குரலையும் கேட்கும். விமானத்துக்குரிய 24 பிட் அடையாள எண்ணைப் பெட்டியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) போட்டு வைக்காவிட்டால், அதே உயரத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு விமானம் வருவதாகத் திரை அலறும். விமானி கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவார். அங்கே இருப்பது அவருடைய தன்னிலைதான்.